பெண்கள் பக்கத்துக்குக் கொடுத்த பரிசும் நம்ம தீர்மான நோட்டும்



விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் கேட்டார்கள. திருப்பூர் வரலாறு என்றால் குமரன், கதர், பனியன், ஏற்றுமதி என்று எழுதிவிடலாம். அதை எழுத நிறையப் பேர் இருக்காங்க. நான் வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டேன். செய்தித்தாளில் பெண்கள் பக்கம்னு ஒன்னு வருதுங்களே, அந்தப் பக்கத்தின் வரலாறு. அதை நல்லா நடத்தின பெண்களுக்கு விருது கொடுத்த வரலாறு. இது நமக்கு எதுக்குன்னு சில பேருக்குத் தோணும். கடைசி வரைக்கும் படிச்சுப் பாருங்க. நம்ம பீரோவில் அடுக்கி வெச்சிருக்கிற பழைய தீர்மான நோட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு.

என்னைப் பற்றி இரண்டு வரி. பதினொரு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். இப்போது எங்கள் குழுவுக்குக் கணக்கும் தீர்மானமும் எழுதுகிறேன். என் மகள் கல்லூரியில் இதழியல் படித்தாள். அவள் பாடத்தைச் சத்தமாகப் படிக்கும்போதுதான் இந்தக் கதை முதலில் என் காதில் விழுந்தது. அப்புறம் நானே தேடிப் படித்தேன்.

பெண்கள் பக்கம் எதுக்கு வந்தது?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே செய்தித்தாள்களில் பெண்களுக்கென்று தனிப் பக்கம் வந்துவிட்டது. பெண்கள் மேல் இருந்த அக்கறை மட்டும் அதற்குக் காரணம் இல்லை. துணிக்கடை, சோப்பு, அடுப்பு, பாத்திரம் இதையெல்லாம் வாங்குவது வீட்டுப் பெண். அந்த விளம்பரம் அவள் கண்ணில் பட வேண்டும். அதற்கு அவள் படிக்கிற மாதிரி ஒரு பக்கம் வேண்டும். அதனால் கல்யாணச் செய்தி, விருந்துச் செய்தி, சமையல், தையல், தலைமுடிப் பராமரிப்பு என்று அந்தப் பக்கம் நிறைந்தது. அதில் பெண்களின் பெயரைக்கூட முழுசாகப் போட மாட்டார்கள். இன்னாருடைய மனைவி என்று கணவர் பெயரைத்தான் போடுவார்கள்.

பத்திரிகையில் வேலை கேட்டு வந்த பெண்களையும் அந்தப் பக்கத்திலேதான் உட்கார வைத்தார்கள். தேர்தல், நீதிமன்றம், வேலைநிறுத்தம், கொலை வழக்கு எல்லாம் ஆண்களுக்கு. பூக்கண்காட்சியும் புடவைக் கண்காட்சியும் பெண்களுக்கு. நம்ம கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆணாகவும், பிசிறு வெட்டுகிறவர், கைமடிக்கிறவர் பெண்ணாகவும் இருந்த மாதிரிதான் அங்கேயும்.

தமிழில் கொஞ்சம் வேறு மாதிரி தொடங்கியது. 1905-ல் சென்னையில் ‘சக்கரவர்த்தினி’ என்று பெண்களுக்கான மாத இதழ் வந்தது. அதற்கு ஆசிரியராக இருந்தவர் பாரதியார். பெண்கல்வி, பெண் முன்னேற்றம் பற்றி அதில் எழுதினார். இருபது வருஷம் கழித்து, 1925-ல், வை.மு.கோதைநாயகி ‘ஜகன்மோகினி’ இதழைக் கையில் எடுத்தார். அவர் சின்ன வயதிலேயே கல்யாணம் ஆனவர். பள்ளிக்கூடம் போனவர் இல்லை. முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். அப்படித் தொடங்கியவர் நூறு நாவலுக்கு மேல் எழுதினார், முப்பத்தைந்து வருஷம் பத்திரிகை நடத்தினார். 1932-ல் மறியலில் கலந்துகொண்டு சிறைக்கும் போனார். அதே 1932-ஆம் வருஷம் ஜனவரியில்தான் நம்ம ஊரில் குமரன் கொடியைப் பிடித்தபடி அடிபட்டு இறந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் பழகாத பெண்ணுக்கும் சொல்ல விஷயம் இருக்கும், எழுதிக் கொடுக்கப் பக்கத்தில் ஒரு தோழி இருந்தால் போதும் என்பதற்குக் கோதைநாயகி அம்மாவைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

பின்னாடி தினசரிகளில் பெண்களுக்கென்று இணைப்பு வந்தது, தனி வார, மாத இதழ்களும் வந்தன. கோலம், குழம்பு, பாட்டி வைத்தியம், மருமகள் மாமியார் பிரச்சினைக்குப் பதில் என்று அதிலும் நிறைய. அதை நான் கேலி பண்ணவில்லை. பேப்பரில் வந்த ஊறுகாய்ப் பக்குவத்தைப் பார்த்துச் செய்து பழகி, அதையே தொழிலாக எடுத்துக்கொண்ட அக்கா எங்கள் குழுவிலேயே இருக்காங்க. ஆனால் காலையில் எட்டரை மணிக்கு ஷிப்டுக்குப் போய், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிற பெண்ணின் வாழ்க்கை அந்தப் பக்கத்தில் ரொம்ப நாள் வரவில்லை. முதல் பக்கத்திலும் வரவில்லை.

துணிக்கடைக்காரர் கொடுத்த பரிசு

1960-ல் அமெரிக்காவில் ஒரு விருது தொடங்கினார்கள். பணம் கொடுத்தது ஜே.சி.பென்னி என்கிற பெரிய கடை நிறுவனம். நாம் தைக்கிற மாதிரி ஆயத்த ஆடைகளை நாடு முழுக்க விற்கிற கடை. விருதை நடத்தியது மிசௌரி பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி. பென்னி-மிசௌரி விருது என்று பேர். செய்தித்தாள்களின் பெண்கள் பக்கத்துக்கு மட்டுமே கொடுக்கிற விருது. பெரிய பத்திரிகை, சின்னப் பத்திரிகை என்று விற்பனையை வைத்துப் பிரித்துக் கொடுத்தார்கள். அதனால் சின்ன ஊர்ப் பத்திரிகைக்காரியும் போட்டி போட முடிந்தது. விருது வாங்க வருகிறவர்களுக்குப் பயிலரங்கும் நடத்தினார்கள்.

கல்யாணமும் விருந்தும் போட்டு நிரப்பிய பக்கத்துக்கு அந்தப் பரிசு இல்லை. ஊரில் பெண்களுக்கு என்ன பிரச்சினையோ அதை எழுதின பக்கத்தைத் தேடிப் பரிசு கொடுத்தார்கள். இதனால் ஒரு காரியம் நடந்தது. அதுவரைக்கும் பெண்கள் பக்க ஆசிரியை ஒருத்தி, வீட்டில் அடிவாங்குகிற பெண்களைப் பற்றி எழுதணும் என்றால், “இதெல்லாம் நம்ம பக்கத்துக்கு எதுக்கம்மா?” என்று மேலே இருக்கிறவர் கேட்பார். இப்போது அவள், “இதுக்குத்தாங்க பரிசு கொடுக்கறாங்க” என்று சொல்ல முடிந்தது.

அந்த விருது வாங்கியவர்களில் டல்லஸ் நகரத்து விவியன் காசில்பெரி ஒருவர். 1956 முதல் 1984 வரை ஒரே பத்திரிகையில் பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர். ஐந்து பெண் குழந்தைகளுக்குத் தாய். வீட்டுக்குள் நடக்கிற அடிதடி, குழந்தைகளுக்கு நடக்கிற கொடுமை இதையெல்லாம் அந்தப் பக்கத்தில் எழுதினார். மயாமி நகரத்து மேரி ஆண்டர்சன் இன்னொருவர். அவருடைய பக்கம் மறுபடியும் மறுபடியும் பரிசு வாங்கினதால், மற்றவர்களுக்கும் வாய்ப்பு வரட்டும் என்று அவரைப் போட்டியிலிருந்தே விலக்கி வைத்தார்கள்.

மணிமேகலை விருது என்றால் என்னவென்று நம்ம கூட்டமைப்புக்குத் தெரியும். பணமும் கேடயமும் ஒரு பக்கம். விருது வாங்கின குழு அடுத்த வாரம் வங்கிக்குப் போனால், மேனேஜர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்கிறாரே, அது இன்னொரு பக்கம். நேற்று வரைக்கும் செய்த அதே வேலைதான். அதை வெளியே இருந்து ஒருத்தர் வேலை என்று சொன்ன பிறகு பார்வை மாறுகிறது.

விருது வந்தது, வேலை போனது

இந்தக் கதையில் என் மனசைப் பிடித்து நிறுத்தினவர் மார்ஜ் பாக்ஸன். 1923-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் நடந்த சமயத்தில் இதழியல் படித்து முடித்துச் செய்தி நிறுவனத்தில் சேர்ந்தார். ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் பெண்களை எடுத்தார்கள். சேரும்போதே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்: போர் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தால் வேலையை விட்டுக்கொடுத்துவிடுகிறேன் என்று. போர் முடிந்தது, வேலையும் போனது. அப்புறம் அவருக்குக் கிடைத்ததெல்லாம் பெண்கள் பக்கம்தான். கிடைத்ததைக் குறையாகப் பார்க்காமல் அதிலேயே நல்ல வேலை செய்தார்.

1969-ல் ஃபுளோரிடா மாநிலத்துப் பத்திரிகை ஒன்றில் பெண்கள் பக்க ஆசிரியையாக இருந்தபோது அவருக்குப் பென்னி-மிசௌரி விருது வந்தது. அந்தச் சமயத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளில் புதுக்காற்று வீசியது. பெண்களுக்கு எதற்குத் தனிப் பக்கம், ஆணும் பெண்ணும் சமம்தானே என்று சொல்லிப் பெண்கள் பக்கங்களை எடுத்துவிட்டு, ‘வாழ்க்கைமுறை’ என்ற மாதிரி பொதுப் பெயர் வைத்தார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பல இடங்களில் புதுப் பக்கத்துக்கு ஆசிரியர் ஆண். பழைய ஆசிரியை அவருக்குக் கீழே. பாக்ஸனுக்கும் அதே கதைதான். விருது வாங்கின கொஞ்ச நாளில் அவருடைய பக்கத்தை எடுத்தார்கள், அவருடைய பதவியையும் இறக்கினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிங்கர் டெய்லர்கள் ஞாபகம்தான் வந்தது. வேலையைக் கற்றுக்கொடுத்த பெண் அதே மெஷினில் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் கற்றுக்கொண்ட பையன் இரண்டு வருஷத்தில் சூப்பர்வைசர் ஆகி அவளுக்கே நேரம் சொல்லுவான்.

பாக்ஸன் அதோடு நிற்கவில்லை. வேறு ஊர், வேறு பத்திரிகை என்று போனார். 1975-ல் மெக்சிகோ நகரத்தில் ஐக்கிய நாடுகள் சபை முதல் உலகப் பெண்கள் மாநாட்டை நடத்தியது. அந்த வருஷத்தைத்தான் உலக மகளிர் ஆண்டு என்று அறிவித்திருந்தார்கள். மாநாட்டையொட்டி அங்கே கூடிய பெண்களுக்காகத் தினமும் ஒரு செய்தித்தாள் வெளிவந்தது. பேர் ‘சிலோனென்’. இளஞ்சோளக் கதிருக்கு அந்த நாட்டுப் பழங்குடி மக்கள் வணங்கிய பெண் தெய்வத்தின் பேர் அது. அந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர் பாக்ஸன். அதன் பிறகு இரண்டு ஊர்களில் பத்திரிகையின் பதிப்பாளராகவே, அதாவது முழு நிர்வாகமும் பார்க்கிறவராக, உயர்ந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம். தன் சேமிப்பிலிருந்து 50,000 டாலரை மிசௌரி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். தன்னுடைய பழைய தாள்களையும் கொடுத்தார். அதை வைத்து 1987-ல் ‘பெண்களும் ஊடகமும்’ என்று ஒரு தேசிய ஆவணத் தொகுப்பு உருவானது. பெண் பத்திரிகையாளர்களின் கடிதம், குறிப்பு, வெட்டி ஒட்டி வைத்த பக்கம், சம்பளத் தகராறு எழுதின தாள் எல்லாம் அங்கே சேர்ந்தன. பென்னி-மிசௌரி விருது பின்னாளில் பேர் மாறி, ஒருநாள் நின்றும் போனது. அந்த ஆவணங்கள் இருக்கின்றன. பெண்கள் பக்கம் என்றால் வெறும் சமையல் என்று யாராவது சொன்னால், இல்லை என்று எடுத்துக் காட்ட அங்கே தாள் இருக்கிறது. என் மகள் பாடத்தில் இந்த வரலாறு வந்ததே அப்படித் தாள்களைப் பாதுகாத்ததால்தான்.

கதர் உடுத்திய சமேலி தேவி

நம்ம நாட்டில் பெண்கள் பக்கத்துக்கு என்று அப்படியொரு விருது அமையவில்லை. ஆனால் பெண் பத்திரிகையாளர்களுக்கென்று ஒன்று அமைந்தது. 1980-ல் டெல்லியில் மீடியா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ‘சமேலி தேவி ஜெயின் விருது’ என்பதை ஏற்படுத்தியது. பத்திரிகை ஆசிரியர் பி.ஜி.வர்கீஸ் போன்றவர்கள் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு அது.

சமேலி தேவி பத்திரிகைக்காரர் இல்லை. கதர் நூற்று, கதர் உடுத்தி, விடுதலைப் போரில் இறங்கிய வீட்டுப் பெண். அந்தப் போரில் சிறை சென்ற முதல் சமணப் பெண் என்று அவரைச் சொல்வார்கள். அவருடைய மகன் எல்.சி.ஜெயின், கூட்டுறவு இயக்கத்துக்காகவும் கைத்தறி, கைவினைத் தொழிலாளர்களுக்காகவும் உழைத்தவர். 1989-ல் மகசேசே விருது பெற்றவர். ராட்டை, தறி, கூட்டுறவு என்று நம்ம பக்கத்துக்குப் பழக்கமான சொற்களெல்லாம் இந்த விருதுக்குப் பின்னாலும் இருக்கிறது.

முதல் விருது நீரஜா சவுத்ரிக்குக் கிடைத்தது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலாவுக்கு 1998-ல் கொடுத்தார்கள். பரிசு கொடுக்கும்போது அவர்கள் பார்த்தது: சமூகப் பிரச்சினையை எழுதினாளா, துணிவாக எழுதினாளா, ஏழை எளியவர்கள் மேல் அக்கறையோடு எழுதினாளா என்பது. பூக்கண்காட்சிக்கு அனுப்பப்பட்ட பெண்களின் தங்கைகள் கொத்தடிமை, கலவரம், தண்ணீர், காடு என்று எழுதப் போனதற்கு இந்த மாதிரி விருதுகள் ஒரு ஊன்றுகோல்.

2007-ல் மும்பையின் பாப்புலேஷன் ஃபர்ஸ்ட் அமைப்பு ‘லாட்லி’ விருதைத் தொடங்கியது. லாட்லி என்றால் செல்ல மகள். பெண்களைப் பற்றி மரியாதையோடும் நியாயத்தோடும் எழுதுகிற ஆணுக்கும் அந்த விருது உண்டு, பெண்ணுக்கும் உண்டு. தமிழ் உட்பட பல மொழிகளில் எழுதுகிறவர்களுக்கும் கொடுக்கிறார்கள்.

ஒரு கூட்டத்துக்கே கிடைத்த விருது

சமேலி தேவி விருது வரலாற்றில் நமக்கு ரொம்ப வேண்டியது 2004-ஆம் வருஷம். அந்த வருஷம் விருது பெற்றவர்களில் ‘கபர் லஹரியா’ என்ற பத்திரிகையின் பெண்கள் இருந்தார்கள். தனி ஒரு நபருக்குக் கொடுக்காமல் அந்தக் கூட்டத்துக்கே கொடுத்தார்கள். கபர் லஹரியா என்றால் செய்தி அலைகள்.

உத்தரப் பிரதேசத்தில் சித்ரகூட் மாவட்டம். வறட்சியான பூமி. அங்கே 2002-ல், நிரந்தர் என்ற டெல்லி அமைப்பின் துணையோடு, ஏழெட்டுக் கிராமத்துப் பெண்கள் ஒரு செய்தித்தாள் தொடங்கினார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். அதிகம் படிக்காதவர்கள், வயதான பிறகு எழுத்துக் கற்றவர்களும் உண்டு. இந்தி இலக்கியத்தில் எழுதவில்லை. ஊரில் பேசுகிற புந்தேலி மொழியில் எழுதினார்கள். அவர்களே செய்தி சேகரித்து, அவர்களே எழுதி, அவர்களே கிராமம் கிராமமாகக் கொண்டுபோய் விற்றார்கள்.

என்ன எழுதினார்கள்? அடிபம்பு உடைந்து கிடக்கிறது. ரேஷன் அரிசி வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. ஒரு பெண்ணை அடித்திருக்கிறார்கள், போலீஸ் புகார் வாங்கவில்லை. நம்ம வாரக் கூட்டத்தில் பேசுகிற அதே விஷயம். அங்கே அது அச்சில் வந்ததும் அதிகாரி பதில் சொல்ல வேண்டியதாயிற்று. சமேலி தேவி விருதுக்கு அப்புறம், 2009-ல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசும் அவர்களுக்கு வந்தது. பின்னாளில் காகிதத்தை விட்டு செல்போனில் வீடியோ செய்திக்கு மாறினார்கள். அவர்களைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2022-ல் ஆஸ்கர் போட்டிவரை போனது.

எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் வந்து நம்மைப் பற்றி எழுதட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

நம்ம ஊர்ச் செய்தியில் நாம் எங்கே?

1984-ல் திருப்பூரில் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பனியன் தொழில் வரலாற்றில் அது பெரிய போராட்டம். அதற்கடுத்த வருஷங்களில்தான் ஏற்றுமதி வேகம் பிடித்து, கம்பெனிகளில் பெண்கள் எண்ணிக்கை கூடியது. அந்த 127 நாளைப் பற்றிப் பேசினால் தலைவர்கள், பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் இதெல்லாம் தெரிகிறது. அந்த நாலு மாசம் வீட்டில் உலை எப்படி வைத்தார்கள், எந்தத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்கள், எந்தத் தோடு அடகுக்குப் போனது என்பது எங்கே எழுதியிருக்கிறது? அதை அனுபவித்த அம்மாக்கள் நம்ம கூட்டமைப்பிலேயே அறுபது, எழுபது வயதில் இருக்காங்க.

நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். தெற்குச் சீமையிலிருந்து சின்னப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கூட்டி வந்து, ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தப் பணம் தருவதாகச் சொல்வது. மூன்று வருஷம் முடியும் முன்னே உடம்பு கெட்டுப் போன பெண்கள் எத்தனையோ பேர். அந்த விவரம் வெளியே வந்தது எப்படி? பாதிக்கப்பட்ட பெண் வாயைத் திறந்தாள். அதைக் கேட்டு எழுத ஒருத்தர் வந்தார். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது சுவருக்குள்ளேயே முடிந்திருக்கும்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. தமிழ்ப் பத்திரிகைகளின் பெண்கள் பக்கத்தில் சம்பளம், பாதுகாப்பு, சொத்துரிமை, வேலை இடத்துத் தொந்தரவு எல்லாம் வருகிறது. ஆனாலும் திருப்பூர் என்றால் முதலில் வருவது எத்தனை கோடிக்கு ஏற்றுமதி என்கிற கணக்குத்தான். ஒரு சட்டைக்குக் காலர் வைத்தால் எத்தனை காசு, டேமேஜ் என்று எத்தனை பீஸ் கழித்தார்கள் என்கிற கணக்கு நம்மிடம்தான் இருக்கிறது.

தீர்மான நோட்டு

இப்போது சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி, மகளிர் திட்டம் வழியாக எல்லா மாவட்டத்துக்கும் சுய உதவிக் குழுக்கள் வந்தன. அந்த நாளிலிருந்து ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டு எழுதுகிறது. தேதி, நேரம், வந்தவர்கள், வராதவர்கள், சந்தா, உள்கடன், யாருக்கு, எதுக்கு. கீழே எல்லோருடைய கையெழுத்து. எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் வாராவாரம் உட்கார்ந்து, தங்கள் கையால், தங்கள் விஷயத்தை எழுதினது இத்தனை வருஷமாக நடந்து வருகிறது. எந்தப் பத்திரிகையின் பெண்கள் பக்கத்திலும் இத்தனை பெண்களின் பேர் வந்திருக்காது. கணவர் பேரில் இல்லை, சொந்தப் பேரில்.

எங்கள் குழுவின் முதல் நோட்டில் பாதிப் பக்கம் கைநாட்டு. நாலாவது நோட்டுக்கு வரும்போது கோணல்மாணலாகக் கையெழுத்து. அதற்கு மேல் விளக்கம் எழுத வேண்டியதே இல்லை. உள்கடன் எதுக்கு என்கிற இடத்தைப் பார்த்தால், ஆரம்பத்தில் மருத்துவம், வட்டிக்கடனை அடைக்க என்று வரும். போகப்போகத் தையல் மெஷின், மகள் கல்லூரிக் கட்டணம் என்று மாறும். சாயப்பட்டறைகள் மூடின சமயத்தில் கடன் கேட்டவர் வரிசை நீளமாக இருக்கும். கொரோனா ஊரடங்கில் சில வாரம் பக்கமே வெறுமையாக இருக்கும். அந்த வெறும் பக்கமும் வரலாறுதான்.

ஆனால் இந்த நோட்டுகளுக்கு நாம் என்ன செய்கிறோம்? தணிக்கை முடிந்தால் மூட்டை கட்டிப் பரண் மேல் போடுகிறோம். கரையான் அரிக்கிறது. வாடகை வீடு மாறும்போது பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போகிறது. வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் நிறைய இருக்கிற ஊர் இது. ஊக்குநர் ஊருக்குத் திரும்பிப் போனால் நோட்டும் அவரோடு போய்விடுகிறது. பாக்ஸன் தன் சேமிப்பைக் கொடுத்துச் சேர்த்து வைத்தது இந்த மாதிரித் தாள்களைத்தான்.

அதனால் இந்த மலர் வழியாகக் கூட்டமைப்புக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைத்துப் பேசுங்கள்.

முதலாவது, முடிந்துபோன தீர்மான நோட்டுகளை எடைக்குப் போட வேண்டாம். குழு பேர், வருஷம் எழுதிக் கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு பீரோவில் வைப்போம். வேப்பிலை போட்டு, வருஷம் ஒருமுறை வெயிலில் காய வைத்தால் போதும். கடன் விவரம் உறுப்பினரின் சொந்த விஷயம். அவர் சம்மதம் இல்லாமல் வெளியாள் யாரும் பார்க்கக் கூடாது என்பதையும் தீர்மானத்திலேயே சேர்ப்போம்.

இரண்டாவது, மாதம் ஒரு கூட்டத்தில் கணக்கு முடிந்ததும் ஒரு பக்கம் கூடுதலாக எழுதுவோம். இந்த மாதம் வேலை எப்படி, பீஸ் ரேட் என்ன, எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, யார் வீட்டில் என்ன நல்லது கெட்டது. எழுத வராதவர் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். கோதைநாயகி அம்மா தொடங்கினது அப்படித்தான்.

மூன்றாவது, 127 நாள் வேலைநிறுத்தத்தைப் பார்த்த அம்மாக்களிடம் கேட்டு எழுதி வைப்போம். இந்த வேலையைத் தள்ளிப் போட முடியாது. போன வருஷத்தில் மட்டும் எங்கள் குழுவில் மூத்தவர்கள் இரண்டு பேரை இழந்துவிட்டோம். அவர்கள் சொல்லியிருக்கக்கூடியது இனி யாருக்கும் கிடைக்காது.

விருது கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும். வந்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வோம். ஆனால் பரிசு கொடுக்க வருகிறவர் பார்ப்பதற்கும், நம்ம பேத்தி ஒருநாள் தேடி வந்தால் படிப்பதற்கும், முதலில் தாள் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய நோட்டு இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வாங்க. அட்டை போட்டு வைக்கிற வேலையை நான் பார்த்துக்கிறேன்.